ஜப்பானியக் கல்யாணத்தில் ஐம்பது வயதுக்காரர்களுக்கு என்ன பாட்டுப் போடுவது?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு தம்பி கேட்டிருந்தார். ஜப்பானில் வேலை பார்க்கிறாராம், அங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாராம், வரவேற்புக்கு வரும் பெண் வீட்டாரும் அலுவலக மேலாளர்களும் நாற்பத்தைந்திலிருந்து அறுபது வயதுக்காரர்கள், அவர்களுக்குப் பிடிக்கிற மாதிரி என்ன ஜப்பானியப் பாட்டுப் போடலாம் என்று. அதற்கு உங்கள் பதில், "பெரியவர்கள் என்றால் என்கா பாடல்கள்தான், நான்கைந்து என்கா போட்டால் போதும்" என்று முடிந்துவிட்டது. படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. அந்தத் தம்பி அதை நம்பி நான்கு என்கா பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாரே என்றுதான் இந்தக் கடிதம்.

நான் யோகோஹாமாவில் இருபது வருடமாக இருக்கிறேன். முதலில் ஒரு கல்யாண மண்டபத்தில் பரிமாறும் பகுதிநேர வேலைக்குப் போனேன், பிறகு மெதுவாகச் சவுண்ட் பக்கம் வந்தேன், கடந்த பதினோரு வருடமாகச் சனி ஞாயிறு என்றால் அந்த மிக்சருக்குப் பின்னால்தான் நிற்கிறேன். ஜப்பானிய வரவேற்பில் நம் ஊர் ஆட்களுக்கு ஆச்சரியமாக இருக்கும் ஒரு விஷயம் உண்டு. பெண் மாப்பிள்ளைக்குப் பக்கத்து மேசைகள் அலுவலக மேலாளர்களுக்கும் நண்பர்களுக்கும்தான், பெற்றவர்கள் கடைசியில், கதவோரத்து மேசையில் உட்காருவார்கள். வந்தவர்களை உபசரிக்கிற வீட்டுக்காரர்கள் அவர்கள், அதனால் கடைசி இடம். எங்கள் மண்டபத்தில் சவுண்ட் மேசையும் அந்தக் கதவோரத்தில்தான் இருக்கிறது. எந்தப் பாட்டுக்கு யார் நிமிர்ந்தார்கள், யார் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள் என்பதெல்லாம் பத்தடி தூரத்தில் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

முதலில் என்கா. கடல், மது, பிரிவு, விட்டு வந்த சொந்த ஊர் என்று குரலை நடுங்கவிட்டுப் பாடும் பாட்டு வகை அது. அருமையான இசை, எனக்கும் பிடிக்கும். ஆனால் அது இப்போது தாத்தா பாட்டி மேசையின் இசை. கணக்குப் போட்டுப் பாருங்கள், இன்று ஐம்பதைத் தாண்டிய ஒருவருக்கு 1991இல் பதினாறு பதினேழு வயது. அவர் கேட்டு வளர்ந்தது திங்கட்கிழமை இரவு ஒன்பது மணித் தொலைக்காட்சித் தொடரின் பாட்டையும், கராஓகே அறையில் நண்பர்கள் கத்திப் பாடியதையும். என்கா அவருடைய அப்பா கேட்டது. 'பெரியவர்களுக்காக' என்று நாம் அன்போடு என்கா போடும்போது ஐம்பத்திரண்டு வயது மாமியாரை எழுபத்தைந்து வயதுக்காரியாக நினைத்துவிட்டோம் என்றுதான் அவருக்குப் படும். முகத்தில் காட்டிக்கொள்ள மாட்டார்கள், கை தட்டுவார்கள், நன்றாக இருந்தது என்றும் சொல்வார்கள்.

நம் ஊர்ப் பழக்கத்தை வைத்து யோசிப்பதால்தான் இந்தத் தடுமாற்றம் வருகிறது என்று நினைக்கிறேன். நமக்குக் கல்யாணப் பாட்டுக்கு வயதே கிடையாது. 1961இல் வந்த 'பாசமலர்' படத்தின் 'வாராயென் தோழி'யும் அடுத்த வருடம் வந்த 'சாரதா'வின் 'மணமகளே மருமகளே'யும் தாத்தா கல்யாணத்திலும் ஒலித்தது, பேத்தி கல்யாணத்திலும் ஒலிக்கிறது, யாரும் பழசு என்று சொல்வதில்லை. ஜப்பானில் அப்படி இல்லை. அங்கே ஒவ்வொரு தலைமுறைக்கும் தனிக் கல்யாணப் பாட்டு இருக்கிறது, எந்தப் பாட்டுக்கு ஒருவர் கண் கலங்குகிறார் என்பதை வைத்து அவருக்கு எந்த வருடம் கல்யாணம் ஆனது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

எழுபதைத் தாண்டியவர்களுக்கு 1972இல் வந்த யொஷிதா தகுரோவின் 'கெக்கொன் ஷியோயோ', அதாவது 'கல்யாணம் செய்துக்கலாமே'. அடுத்த வருடம் செரிஷ் என்ற இருவர் குழு பாடிய 'டென்டோமுஷி நோ சம்பா'. காட்டுக்குள் ஒரு ஜோடிக்குக் கல்யாணம், புள்ளிவண்டு சம்பா ஆடுகிறது, குழந்தைப் பாட்டு மாதிரி இருக்கும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மாப்பிள்ளையின் தோழர்களும் பெண்ணின் தோழிகளும் மேடையேறிப் பாடாத வரவேற்பே இல்லை என்று மூத்த ஊழியர்கள் சொல்வார்கள். அந்தக் குழுவின் ஆணும் பெண்ணும் 1977இல் நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டார்கள். இந்தப் பாட்டுக்கு ஒரு தனிக் குணம் இருக்கிறது. அறுபது வயதுக்காரர்கள் சின்ன வயதில் அத்தை மாமா கல்யாணத்தில் இதைக் கேட்டிருப்பார்கள், அதனால் அவர்களுக்கும் இது சொந்தம். பழைய பாட்டு ஒன்றாவது வேண்டும் என்றால் இதைப் போடுங்கள். சந்தோஷமான தாளம், ஒரு வார்த்தைகூட உறுத்தாது.

தம்பி கேட்ட வயதுக்காரர்களுக்கு வருகிறேன். அவர்கள் இளமை எண்பதுகளின் நடுவிலிருந்து 2000 வரை. ஒடா கசுமாசா பாடிய 'லவ் ஸ்டோரி வா டொட்சுசென் நி' 1991இல் 'டோக்கியோ லவ் ஸ்டோரி' தொடருக்காக வந்தது. தொடர் ஓடும் திங்கட்கிழமை இரவில் தெருவில் இளம்பெண்களையே பார்க்க முடியாதாம், இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். பாட்டின் தொடக்கத்தில் கிதார் ஒரு வெட்டு வெட்டும் பாருங்கள், அந்த ஒரு விநாடிதான் எனக்கு முக்கியம். பெண் உடை மாற்றிக்கொண்டு திரும்ப வரும்போது விளக்கை இறக்கிவிட்டு, கதவு திறக்கிற நொடியில் இதைத் தட்டிவிடுவேன். மேலாளர்கள் மேசையில் அதுவரை பீர் பாட்டிலோடு ஊற்றிக்கொடுத்துக்கொண்டு நின்றவர்கள்கூடச் சட்டென்று திரும்புவார்கள். 'நட்சுகாஷீ!' என்று ஒரு குரல் வரும். பழையது திரும்பக் கிடைத்த இனிப்பு என்று அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லலாம். எனக்கு வேலையில் கிடைக்கும் பெரிய சந்தோஷம் அந்தச் சொல்லைக் கேட்பதுதான்.

1997இல் வந்த அமுரோ நமியேயின் 'கேன் யூ செலிப்ரேட்' இன்னொன்று. இருபது லட்சத்துக்கும் மேல் விற்ற பாட்டு. அதே வருடம் அமுரோவுக்கே கல்யாணம் ஆனது, அடுத்த வருடக் கடைசியில் புத்தாண்டு இரவு நிகழ்ச்சியில் தாயாகித் திரும்பி வந்து அழுதுகொண்டே அதைப் பாடினார். இன்று நாற்பத்தைந்து ஐம்பது வயதாகும் பெண்கள் எல்லோரும் அதைப் பார்த்தவர்கள், 2018இல் அவர் ஓய்வு பெற்றபோதும் அழுதவர்கள். அந்த வயதுப் பெண்கள் நிறைய வருகிற வரவேற்பு என்றால் இதைத் தவிர்க்கவே கூடாது என்பது என் கருத்து. மெதுவான பாட்டு என்பதால் உள்ளே வரும்போது போட்டால் இழுக்கும், கடைசியில் பெண்ணும் மாப்பிள்ளையும் வெளியே போகும்போது போட்டால் சரியாக உட்காரும்.

அப்புறம் ட்ரீம்ஸ் கம் ட்ரூவின் 'மிராய் யொசோசு' இரண்டாம் பாகம், 1989. காதலன் வீட்டில் இறக்கிவிட்டுப் போகும்போது காரின் பிரேக் விளக்கை ஐந்து முறை மின்னவிடுவான், 'ஆ-இ-ஷி-தே-ரு' என்ற ஐந்து அசைக்கும் ஒவ்வொன்று. 'உன்னைக் காதலிக்கிறேன்' என்று அர்த்தம். இந்தப் பாட்டைக் கேட்டு அந்தக் காலத்தில் ஊரெல்லாம் பையன்கள் பிரேக்கை மிதித்திருக்கிறார்கள். போன வருடம் சாப்பாட்டு நேரத்தில் இதைச் சின்னச் சத்தத்தில் போட்டிருந்தேன். கதவோர மேசையில் பெண்ணின் அப்பா, அதுவரை தட்டில் இருந்த மீனை முள் எடுத்துக்கொண்டே இருந்தவர், பாட்டு அந்த இடத்துக்கு வந்ததும் மேசை விரிப்பின் மேல் ஆள்காட்டி விரலால் ஐந்து முறை தட்டினார். பக்கத்தில் அவர் மனைவி அவரைப் பார்க்கவே இல்லை, தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தார், வைத்தார், அப்புறம் அவர் விரலும் ஐந்து முறை தட்டியது. மகளுக்கு இது எதுவும் தெரியாது, அவள் மண்டபத்தின் மறுகோடியில் யாரோடோ புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அதனால் தம்பிக்கு நான் சொல்லும் முதல் யோசனை, பட்டியலைத் தேடாதீர்கள், பெண்ணின் அம்மாவிடம் போய் "உங்கள் கல்யாணத்தில் என்ன பாட்டு?" என்று கேளுங்கள். பெண் கேட்டால் "அதெல்லாம் எதுக்கு, உங்களுக்குப் பிடிச்சதைப் போடுங்க" என்பார்கள். மருமகன் கேட்டால் சொல்வார்கள். அந்தக் காலத்து வரவேற்பில் உலர்பனிப் புகை நடுவே பெண்ணும் மாப்பிள்ளையும் கூண்டில் மேலிருந்து இறங்குவார்கள், அதிலிருந்து ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசுவார்கள். அந்தப் பேச்சில் குறைந்தது மூன்று பாட்டு கிடைக்கும்.

அடுத்தது, எந்தப் பாட்டை எங்கே வைப்பது. இதில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். நாகபுச்சி ட்சுயோஷியின் 'கன்பாய்' ஒரு நல்ல உதாரணம். நண்பனின் கல்யாணத்துக்காக எழுதிய பாட்டு, 1980இல் முதலில் வந்தது, 1988இல் மறுபடி பாடி வெளியிட்டபோது நாடெங்கும் பரவியது. ஐம்பது அறுபது வயது ஆண்களுக்கு உயிர். தலைப்பிலேயே 'கன்பாய்' இருக்கிறதே என்று எல்லோரும் எழுந்து கிளாஸைத் தூக்கி 'கன்பாய்!' சொல்லும் இடத்துக்கே இதைக் கேட்பார்கள். வேண்டாம். அது மெதுவான, நெஞ்சை அமுக்குகிற பாட்டு. கிளாஸ் மோதுகிற இடத்தில் மூன்று விநாடிக்குள் மண்டபமே வெளிச்சமாக வேண்டும், அதற்குத் துள்ளலான பாட்டின் பல்லவியை நேராக எடுத்துத் தட்டவேண்டும். 'கன்பாய்' பாட்டை யாராவது எழுந்து நின்று பாடட்டும். மாமாவோ மேலாளரோ தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினால் மற்ற மேசைகளும் சேர்ந்து பாடும், நான் சத்தத்தைக் குறைத்து அவர்கள் குரலையே விட்டுவிடுவேன்.

பெண் பெற்றோருக்கு எழுதிய கடிதத்தை மைக்கில் வாசிக்கும் நேரம் ஒன்று உண்டு. இரண்டரை மணி நேர வரவேற்பின் கடைசியில் வரும், மண்டபமே கைக்குட்டையைத் தேடும். அந்தக் கடிதத்துக்குப் பின்னால் ஜப்பானிய வார்த்தை உள்ள பாட்டு வேண்டவே வேண்டாம். எவ்வளவு பிடித்த பாட்டாக இருந்தாலும் சரி. காது ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேச்சைக் கேட்காது, அதுவும் பாட்டு தெரிந்தவர்களுக்கு மனசு தானாக அடுத்த வரிக்குப் போய்விடும், மகள் சொல்வது விழாது. பியானோவோ இசைப்பெட்டியோ போதும். கடிதம் முடிந்து, மகள் பிறந்தபோது இருந்த எடைக்கே செய்த கரடி பொம்மையை அம்மா கையில் கொடுக்கும்போது, மூன்று கிலோ சொச்சம் கையில் ஏறுகிற அந்த நேரத்தில், வார்த்தை உள்ள பாட்டை உயர்த்துங்கள். ஃபுகுயாமா மஸஹாருவின் 'கசோகு நி நாரோயோ' இந்த இடத்துக்கென்றே பிறந்த மாதிரி இருக்கும். 2011இல் வந்தது, ஒரு கல்யாணப் பத்திரிகையின் விளம்பரத்தில் ஒலித்தது. என் அப்பா அம்மா போல நாமும் ஒரு குடும்பமாவோம் என்கிற பாட்டு. ஃபுகுயாமா 1969இல் பிறந்தவர், பாடுகிறவர் தங்கள் வயதுக்காரர் என்பதால் பெற்றோர் மேசைக்கு இன்னும் நெருக்கம். பெண்ணின் தோழிகளுக்கோ அது தங்கள் காலத்துப் பாட்டு. இரண்டு தலைமுறையும் ஒரே நேரத்தில் கலங்கும் பாட்டுகள் நிறைய இல்லை, இது ஒன்று.

சாப்பாட்டு நேரத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, ஆனால் நடுவயதுக்காரர்களுக்கான பாட்டுக்கு மிகச் சரியான இடம் அதுதான். யாரும் உற்றுக் கேட்கவேண்டிய கட்டாயம் இல்லை, பேச்சுக்கு நடுவே ஒரு மேசை மட்டும் நிமிரும், அங்கே ஒரு பழைய கதை ஆரம்பிக்கும்.

இனி வார்த்தைகள். நாம் விளக்கை 'அணை' என்று சொல்லாமல் 'அமர்த்து', 'குளிர வை' என்போம், வாசலில் 'போறேன்' என்று சொல்லாமல் 'போயிட்டு வர்றேன்' என்போம் இல்லையா, ஜப்பானியர்களுக்கும் அதே உணர்வு உண்டு. இமிகொடொபா என்று பெயர். பிரிவது, அறுவது, விலகுவது, முடிவது, திரும்பிப் போவது, இந்தச் சொற்கள் எதுவும் கல்யாணத்தில் வாயில் வரக்கூடாது. கேக்கை 'வெட்டுகிறோம்' என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், 'கத்தியை உள்ளே வைக்கிறோம்' என்பார்கள். நிகழ்ச்சி 'முடிந்தது' என்பதற்குப் பதில் 'திறக்கிறோம்' என்று பொருள்படும் 'ஒஹிராக்கி' என்பார்கள். 'மறுபடி மறுபடி' மாதிரி இரட்டைச் சொல்லும் ஆகாது, கல்யாணமும் இரண்டாவது முறை நடந்துவிடும் என்று. அன்பளிப்புப் பணமும் ஒற்றைப்படையில்தான், முப்பதாயிரம் யென், ஐம்பதாயிரம் யென் என்று, இரண்டாகப் பிரியக் கூடாதாம். பெண் மாப்பிள்ளை உட்காரும் மேசைக்கே 'தகசாகோ' என்று பெயர், அது 'நோ' என்ற பழைய ஜப்பானிய முகமூடி நாடக வகையில் ஒரு நாடகத்தின் பெயர், முதிய தம்பதியாகத் தோன்றும் இரண்டு பைன் மரங்களின் கதை. அந்த நாடகத்துப் பாட்டைக் கல்யாணத்தில் பாடும்போது 'தூரத்து' என்று வரும் ஊரைப் 'பக்கத்து' என்று மாற்றிப் பாடும் வழக்கம்கூட இருக்கிறது. பாட்டில் இத்தனை கவனம் பார்க்கிறவர்கள்.

இது தெரியாமல் நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு தவறுக்குத் துணை போனேன். மாப்பிள்ளை, அம்மாவுக்குப் பிடிக்குமே என்று உதாதா ஹிகாருவின் 'ஃபர்ஸ்ட் லவ்' கொடுத்தார். 1999 பாட்டு, அந்த வயதுக்காரர் எல்லோருக்கும் தெரியும், மெட்டு எவ்வளவு அழகு. நானும் மெட்டை மட்டும் கேட்டு, சந்தோஷமாகச் சத்தம் ஏற்றிவிட்டேன். அது பிரிந்துபோன காதலனை நினைத்துப் பாடும் பாட்டு. ஒரு அத்தை கையில் இருந்த முட்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், அவ்வளவுதான், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அன்றிரவு தூக்கமே வரவில்லை. அதிலிருந்து பாட்டு வரிகளை அச்சடித்து உட்கார்ந்து படிக்காமல் எதையும் போடுவதில்லை. 'நடா ஸோஸோ' கூட அப்படித்தான், ஒகினாவா மெட்டு, 2001இல் நட்சுகாவா ரிமி பாடிப் பெரிய வெற்றி, எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் மொரியாமா ரியோகோ இறந்துபோன தன் அண்ணனை நினைத்து எழுதிய வரிகள் அவை. பிடித்த பாட்டு வேறு, கல்யாணத்துக்கு ஏற்ற பாட்டு வேறு என்பதைத் தம்பி தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். மனைவியாகப் போகிற பெண்ணோடு உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேளுங்கள், பல்லவியை மட்டும் அல்ல.

'கொஸுமொஸு' பற்றி மட்டும் எனக்கு வேறு கருத்து. நாளை கல்யாணமாகிப் போகப் போகிற மகள் அம்மாவைப் பார்த்துப் பாடும் பாட்டு. ஸதா மஸாஷி எழுதி 1977இல் யமகுச்சி மொமொயே பாடினார். மூன்று வருடம் கழித்து மொமொயே இருபத்தொரு வயதில் கல்யாணத்துக்காகப் பாட்டையே விட்டுவிட்டு, வெள்ளை மைக்கை மேடைத் தரையில் வைத்துவிட்டுப் போனார், அது இன்றும் அங்கே பேச்சு. சோகம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். நான் ஒதுக்க மாட்டேன். மகளைக் கட்டிக்கொடுக்கிற துக்கம் கல்யாணத்துக்கு உள்ளே இருக்கிற துக்கம், காதல் முறிவு அப்படி அல்ல. ஐம்பத்தெட்டு வயது அம்மாக்களுக்கு இந்தப் பாட்டு பள்ளிக்கூட நாளிலிருந்து தெரியும், அன்று மகளாகக் கேட்டவர்கள் இன்று அம்மாவாகக் கேட்கிறார்கள். பெண் சம்மதித்தால் போடுங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். போனில் இறக்கிய பாட்டையோ, வீட்டில் பதிவு செய்த வட்டையோ கொண்டுவந்தால் பல மண்டபங்களில் வாங்க மாட்டார்கள். கடையில் விற்ற அசல் சிடி வேண்டும். அதை மண்டபத்தில் ஒலிக்கவிடுவதற்கான கட்டணத்தை மண்டபமே ஜஸ்ராக் என்ற உரிமை அமைப்புக்குக் கட்டிவிடுகிறது, ஆனால் நகல் எடுத்தாலோ, சின்ன வயதுப் புகைப்படங்களோடு சேர்த்து வீடியோ செய்தாலோ தனி அனுமதி வேண்டும், அதற்கு 2013இலிருந்து ஐசம் என்ற அமைப்பு இருக்கிறது, அதன் பட்டியலில் உள்ள பாட்டா என்று முன்கூட்டியே மண்டபத்தில் கேட்டுவிடுங்கள். தொண்ணூறுகளின் பாட்டு என்றால் பயப்படவேண்டாம், பழைய பொருள் கடைகளில் கிடைக்கும். அதற்கும் முன்னால் மாமியார் வீட்டு அலமாரியைப் பாருங்கள். ஒரு பெண் எனக்குக் காகிதப் பையில் கொண்டுவந்து கொடுத்தாள், உள்ளங்கையில் அடங்கும் எட்டு சென்டிமீட்டர் சிடிகள், நீள அட்டை உறையில், பதினான்கு. அம்மா கல்லூரியில் படிக்கும்போது வாங்கியவை, ஒவ்வொரு உறையின் பின்னாலும் பென்சிலில் வாங்கிய தேதி. தட்டை வெளியே தள்ளும் பழைய ப்ளேயரில் மட்டும்தான் அவை உள்வட்டத்தில் சரியாக உட்காரும், செருகும் வாய் உள்ளதில் போட்டால் மாட்டிக்கொள்ளும், அதையும் மண்டபத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு நவம்பரில் கல்யாணம் என்று கேள்வியில் இருந்தது. பாட்டுப் பட்டியலை மண்டபத்தில் ஒரு மாதத்துக்கு முன்பே வாங்கிவிடுவார்கள், அதற்குப் பிறகு மாற்றுவது சிரமம். அதனால் ஆசிரியர் அவர்களே, இந்தக் கடிதம் நீளம் என்றால் பாதியை வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் அடுத்த ஞாயிறுக்குள் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
யோகோஹாமாவிலிருந்து ஒரு வாசகி